அண்டையின் ஹக்கும் இரத்தக் குழாயின் உட்படலமும்



அண்டை வீட்டாருடைய ஹக்கைப் பற்றி நம் உலமாப் பெருமக்கள் மிம்பரில் நின்று எத்தனையோ ஜும்ஆக்களில் எடுத்துரைத்திருக்கிறார்கள். ஜிப்ரீல் (அலை) அவர்கள் அண்டையார் விஷயமாக நாயகம் (ஸல்) அவர்களிடம் திரும்பத் திரும்ப வலியுறுத்திய ஹதீது, மத்ரஸாவுக்குப் போகும் நம் சிறுபிள்ளைகளுக்குக்கூட மனப்பாடம். நிஸா சூராவின் 36ஆம் ஆயத்திலே உறவான அண்டையும் பேசப்படுகிறது, அந்நியமான அண்டையும் பேசப்படுகிறது. அந்த இரண்டாவது அண்டையை, அதாவது நம் ஜாதியும் அல்லாத, நம் தொழிலும் அல்லாத, சுவர் ஒன்றினால் மாத்திரம் நம்மோடு சேர்ந்திருக்கிற அண்டையைத்தான் இன்று உங்கள் கவனத்திற்குக் கொண்டுவர விரும்புகிறோம்.

நாம் ஆலிமல்ல. மத்ரஸாவில் ஓதிய ஓதலும் ஆரம்பப் பள்ளிக்கூடத்துப் படிப்பும்தான் நம்முடைய கைமுதல். அதற்கப்பால் தராசும் பற்றுவரவுப் புத்தகமுமே நம் கிதாபுகள். ஆகையால் ஹதீதுக்கு விரிவுரை செய்ய நாம் முன்வரவில்லை. நம் சரீரத்துக்குள்ளேயே சுவரோடு சுவராகக் குடியிருக்கிற இரண்டு அண்டைகள் ஒன்றுக்கொன்று என்ன செய்கின்றன என்பதை, டாக்டர்கள் ஆராய்ந்து வெளியிட்டிருப்பதிலிருந்து நாம் தெரிந்துகொண்ட அளவுக்குச் சொல்லுகிறோம். நம் கடைத்தெருவிலும் பள்ளிவாசல் ஸஃப்பிலும் நாற்பது, நாற்பத்தைந்து வயதிலேயே நெஞ்சைப் பிடித்துக்கொண்டு உட்கார்ந்துவிடுகிறவர்கள் இருக்கிறபடியால், இது வெறும் பொழுதுபோக்குப் பேச்சல்ல என்பது கேட்டு முடித்தபின் விளங்கும்.

தோட்டத்துக்குத் தண்ணீர் பாய்ச்சும் ரப்பர் குழாயை எல்லோரும் பார்த்திருக்கிறோம். இருதயத்திலிருந்து இரத்தத்தை எடுத்துச் செல்லும் நாளங்களும் அதைப்போல் வெறும் குழாய்தான் என்று வெகுகாலம் எண்ணியிருந்தார்கள். ஆனால் அது உயிருள்ள குழாய். அதன் சுவரிலே மூன்று அடுக்குகள் உண்டு. வெளியே ஒரு போர்வை. நடுவிலே குழாயைச் சுற்றி வளையம் வளையமாக அமைந்த தசை. உள்ளே, ஓடுகிற இரத்தத்தின் மேல் படும்படியாக, கோட்டுக்கு உள்ளே தைக்கிற லைனிங் துணியைப்போல ஒரு மெல்லிய படலம். இந்த உட்படலத்துக்கு எண்டோதீலியம் என்று பெயர். லைனிங் துணியாவது நூலால் நெய்தது. இதுவோ ஒரே ஒரு வரிசை உயிரணுக்களைப் பக்கத்தில் பக்கத்தில் பதித்த தரை. ஓர் உயிரணுவின் கனம் எவ்வளவோ அவ்வளவுதான் அதன் மொத்தக் கனம்.

நடுவிலுள்ள தசைக்கு ஒரு விசேஷம் உண்டு. கையை மடக்கு என்றால் மடக்குகிற தசையல்ல அது. நம் இஷ்டத்துக்குக் கட்டுப்படாது. நாம் தூங்கினாலும் தொழுதாலும் அது தன் பாட்டுக்கு இறுகியும் தளர்ந்தும் குழாயின் வாயைச் சுருக்கியும் விரித்தும் கொண்டிருக்கிறது. இறுகினால் இரத்தம் போகும் பாதை குறுகுகிறது, தளர்ந்தால் அகலுகிறது. குறுகுவது கொஞ்சந்தானே என்று அலட்சியமாக எண்ண வேண்டாம். குழாயின் வாய் பாதியாகக் குறுகினால் அதன் வழியே ஓடும் நீரும் பாதியாகும் என்றுதான் கடைக்காரக் கணக்கு சொல்லும். அந்தக் கணக்கு இங்கே செல்லாது. தள்ளுகிற அழுத்தம் மாறாதிருக்க, குழாயின் குறுக்களவு பாதியானால் ஓட்டம் 16இல் ஒரு பங்காகிவிடும். வியாபாரத்தில் இப்படி ஒரு நஷ்டக் கணக்கை நாம் கண்டதில்லை. ஆகவே அந்தத் தசையிடம் யார் என்ன சொல்லுகிறார்கள் என்பது உயிர் போகிற, உயிர் தங்குகிற விஷயமாகிறது.

இரத்த ஓட்டம் என்றதும் நம்மவர்கள் இப்னு நஃபீஸ் (ரஹ்) அவர்களின் பேரைச் சொல்லுவார்கள். திமிஷ்கிலே கற்று, மிஸ்ரிலே வைத்தியம் செய்து, 1288இல் மௌத்தான அந்தப் பெரியார், இருதயத்தின் வலப்பக்கத்து இரத்தம் நுரையீரலுக்குள் போய்த்தான் இடப்பக்கம் வந்து சேர வேண்டும் என்று 13ஆம் நூற்றாண்டிலேயே எழுதிவைத்தார். ஆங்கில நாட்டு ஹார்வி இரத்தத்தின் முழுச் சுற்றையும் விளக்கிப் புத்தகம் வெளியிட்டது 1628இல். இதெல்லாம் சத்தியமே. ஆனால் புதிதாக எது கண்டுபிடிக்கப்பட்டாலும், இது நமக்கு முன்னமே தெரியும் என்று மார்தட்டுகிற வழக்கம் இருக்கிறதே, அது நமக்கு அவ்வளவாகப் பிடிப்பதில்லை. இப்னு நஃபீஸ் மார்தட்டவில்லை. தமக்கு முன்னோர் எழுதியதை அறிவைக்கொண்டு சோதித்துப் பார்த்தார். குழாயின் உட்படலம் பேசும் என்பதை அவரும் சொல்லவில்லை, ஹார்வியும் சொல்லவில்லை. அது தெரியவந்தது நம் காலத்திலேதான்.

நியூயார்க் பட்டணத்தின் புரூக்ளின் பகுதியில் ராபர்ட் ஃபர்ச்காட் என்று ஓர் ஆராய்ச்சியாளர் இருந்தார். 1916இல் பிறந்து 2009இல் காலமானவர். முயலின் பெருநாளத்தைத் துண்டாக அறுத்து, கண்ணாடிப் பாத்திரத்திலே தொங்கவிட்டு, மருந்துகளை ஒவ்வொன்றாக ஊற்றி, தசை இறுகுகிறதா தளர்கிறதா என்று அளந்து பார்ப்பது அவருடைய வேலை. அஸிட்டைல்கோலின் என்று ஒரு பொருள் உண்டு. நம் நரம்புகளே அதைச் சுரக்கின்றன. அதை உயிருள்ள பிராணிக்கு ஊசியில் ஏற்றினால் இரத்த அழுத்தம் இறங்கும். அதாவது குழாய்கள் தளர்கின்றன. ஆனால் அதையே இவர் அறுத்துவைத்த நாளத்துண்டின்மேல் ஊற்றினால், தளரவேண்டியது இறுகிற்று! 1953இல் அதை அவர் எழுதி வெளியிட்டார். ஒரே சொல், உடம்புக்குள் சொன்னால் ஓர் அர்த்தம், பாத்திரத்துக்குள் சொன்னால் நேர் எதிரான அர்த்தம். இருபத்தைந்து வருஷம் இந்த முடிச்சு அவிழவில்லை.

1978ஆம் வருஷம் மே மாதத்தில் அவரிடம் வேலை பார்த்த உதவியாளர், சோதனையின் படிகளில் ஒன்றை முன்பின்னாகச் செய்துவிட்டார். தசையை இறுக்கியிருந்த முதல் மருந்தைக் கழுவி எடுக்காமலே, அஸிட்டைல்கோலினுக்கு நெருங்கிய இனமான அடுத்த மருந்தை ஊற்றிவிட்டார். தசை தளர்ந்தது. வேறொருவராயிருந்தால் உதவியாளரைக் கடிந்துகொண்டு துண்டைத் தூக்கி எறிந்திருப்பார். ஃபர்ச்காட் அப்படிச் செய்யவில்லை. ஏன் இன்றைக்கு மட்டும் தளர்ந்தது என்று தேடினார். தேடியதில் அகப்பட்டது என்ன தெரியுமா? இத்தனை வருஷமாக நாளத்தைத் துண்டு போடும்போது, அதன் உட்புறம் அங்கே இங்கே உராய்ந்து, அந்த ஒற்றை வரிசை உயிரணுத் தரை அவர்கள் அறியாமலே துடைபட்டுப் போயிருக்கிறது! உராயாமல் பத்திரமாக அறுத்த துண்டு தளர்ந்தது. உராய்ந்த துண்டு இறுகிற்று. வேண்டுமென்றே உட்படலத்தைத் தேய்த்து எடுத்துவிட்டுப் பார்த்தார். தளர்ச்சி அடியோடு போயிற்று.

இதற்கு மேலும் ஒரு சோதனை செய்தாரே, அதைத்தான் நாம் மிகவும் ரசிக்கிறோம். உட்படலம் நீக்கிய தசைத்துண்டு ஒன்றை எடுத்தார். அதன் முகத்துக்கு நேரே, உட்படலம் உள்ள வேறொரு துண்டை, இரண்டு ரொட்டித் துண்டுகளை ஒன்றன்மேல் ஒன்றாக வைப்பதுபோல வைத்தார். பிறகு மருந்தை ஊற்றினார். படலமில்லாத தசையும் தளர்ந்தது! தன் சொந்த அண்டை இறந்துபோன வீட்டுக்கு எதிர்வீட்டு அண்டை வந்து சொல்லிற்று. தளர்வு என்பது தசையின் சொந்த புத்தியல்ல, பக்கத்துப் படலத்திலிருந்து ஏதோ ஒன்று புறப்பட்டு வந்து சேருகிறது என்பது இதனால் ருசுவாயிற்று. இதை 1980இல் அவரும் அவரோடு உழைத்த ஸவாட்ஸ்கி என்பவரும் ‘நேச்சர்’ பத்திரிகையில் வெளியிட்டார்கள்.

புறப்பட்டு வருகிற அந்த ஏதோ ஒன்று எது? ஆறேழு வருஷம் உலகெங்கும் தேடினார்கள். பிடித்து வைக்க முடியவில்லை; சில விநாடிகளில் மறைந்துவிடும். கடைசியில் 1986இல் ஃபர்ச்காட்டும், லாஸ் ஏஞ்சல்ஸில் இருந்த லூயி இக்னாரோவும் தனித்தனியே, அது நைட்ரிக் ஆக்ஸைடு என்னும் வாயுவாகத்தான் இருக்க வேண்டும் என்று சொன்னார்கள். மறு வருஷம் இங்கிலாந்தில் ஸல்வடார் மொன்காடா என்பவரின் கூட்டத்தார் படல உயிரணுக்களிலிருந்து அந்த வாயு வெளிவருவதை அளந்தே காட்டினார்கள். மோட்டார் வண்டியின் புகையில் வருகிற வாயு அது! விஷப்புகை என்று ஒதுக்கப்பட்ட பொருளை, நாம் உண்ணும் இறைச்சியிலும் பருப்பிலும் உள்ள அர்ஜினின் என்ற சத்திலிருந்து, நமக்கு வேண்டிய அணுவளவு மட்டும் எடுத்துச் செய்யும்படி அந்தப் படலத்தை அமைத்த நாயனின் குத்ரத்தை என்னென்பது!

வேலை நடக்கும் விதம் இதுதான். இரத்தம் வேகமாக ஓடும்போது படலத்தின் மேல் உராய்கிறது. அந்த உராய்வே படலத்துக்குக் கிடைக்கும் சேதி. நரம்பும் சில சமயம் சேதி அனுப்பும். உடனே படலம் அந்த வாயுவைச் செய்கிறது. வாயுவுக்குக் கதவு வேண்டாம், வாசல் வேண்டாம். பூப்போல் கசிந்து பக்கத்துத் தசையின் உயிரணுவுக்குள் போய்விடுகிறது. அங்கே ஒரு நொதியைத் தட்டி எழுப்புகிறது. அந்த நொதி வேறொரு பொருளைச் செய்ய, தசை இறுகுவதற்கு வேண்டிய கால்சியம் குறைகிறது, பிடி தளர்கிறது, பாதை அகலுகிறது. இரத்தத்தின் பக்கமாகப் போகிற வாயுவோ, இரத்தத்தட்டுகள் ஒன்றோடொன்று ஒட்டிக் கட்டியாகாதபடி தடுக்கிறது. வேலை முடிந்ததும் மாய்ந்துபோகிறது. மிச்சம் மீதியை இரத்தத்தின் சிவப்பணுக்கள் விழுங்கிவிடுகின்றன.

அண்டை எப்போதும் நயமாகவே பேசும் என்றும் நினைத்துவிடக்கூடாது. 1988இல் ஜப்பானில் ஸுகுபா பல்கலைக்கழகத்தார் கண்டுபிடித்த எண்டோதீலின் என்ற பொருளும் இதே படலத்திலிருந்துதான் வருகிறது. அது தசையை மிகப் பலமாக இறுக்கும். இறுக்க வேண்டிய நேரமும் உண்டல்லவா? எழுந்து நிற்கும்போது குழாய்கள் எல்லாம் தளர்ந்தே கிடந்தால் மயங்கி விழுவோம். நல்ல அண்டை எதைச் சொல்ல வேண்டிய இடத்தில் எதைச் சொல்ல வேண்டுமோ அதைச் சொல்லும். படலம் நோயுறும்போது என்ன ஆகிறதென்றால், தளர்த்துகிற சொல் குன்றி, இறுக்குகிற சொல் மிஞ்சிவிடுகிறது.

1998ஆம் வருஷத்து வைத்திய நோபல் பரிசு ஃபர்ச்காட், இக்னாரோ, ஃபெரித் முராத் மூவருக்கும் கிடைத்தது. மொன்காடாவை விட்டுவிட்டார்களே என்று அப்போது பலர் குறைப்பட்டுக்கொண்டது நியாயமென்றே நமக்கும் படுகிறது. முராத் என்ற பெயரைக் கேட்டதும் யாரென்று நீங்கள் வினவலாம். அமெரிக்காவில் குடியேறிய அல்பேனியர் ஒருவரின் மகன் அவர். பெற்றோர் சாப்பாட்டுக்கடை நடத்தினார்கள். பையனும் அந்தக் கடையில் பரிமாறிக்கொண்டே படித்தவர். சாப்பாட்டுக்கடை நடத்துகிற நம் ஜமாஅத்தார்கள் இதைத் தங்கள் பிள்ளைகளுக்குச் சொல்லவேண்டும். 2023இல் அவர் காலமானார்.

முராத் கண்டது என்ன? நெஞ்சுவலிக்காரர்கள் நாக்கின் அடியில் வைத்துக்கொள்ளுகிற நைட்ரோகிளிஸரின் மாத்திரை உடம்புக்குள் போய் இந்த நைட்ரிக் ஆக்ஸைடைத்தான் வெளிவிடுகிறது என்று 1977இல் அவர் காட்டினார். அந்த மருந்து 1879 முதல் நெஞ்சுவலிக்குக் கொடுக்கப்பட்டு வந்தது. நூறு வருஷமாக அது எப்படி வேலை செய்கிறது என்று கொடுத்தவருக்கும் தெரியாது, வாங்கியவருக்கும் தெரியாது. இதில் இன்னொரு விந்தை. நைட்ரோகிளிஸரின்தான் டைனமைட் வெடியின் சரக்கு. அந்த வெடியை 1867இல் பதிவுசெய்து பெரும் பொருள் திரட்டியவர், இந்தப் பரிசுக்குப் பெயர் கொடுத்த ஆல்ஃபிரட் நோபலே! அவருடைய இருதய நோவுக்கு டாக்டர்கள் அதே சரக்கை மருந்தாக எழுதிக் கொடுத்தார்கள். விதியின் பரிகாசமாக இருக்கிறதே என்று தம் உதவியாளருக்குக் கடிதம் எழுதினார் அவர். மலையைப் பிளக்கிற பொருள், சரியான அளவில், இறுகிப்போன தசையிடம் மெல்லத் தளரச் சொல்லுகிறது. பேச்சிழந்த அண்டைக்குப் பதிலாக வெளியிலிருந்து ஓர் ஆளை அனுப்பிச் சொல்லச் செய்வதுதான் அந்த மாத்திரை.

இந்த அறிவினால் பிழைத்த பச்சிளங் குழந்தைகளும் உண்டு. சில குழந்தைகள் பிறந்த பிறகும் நுரையீரலின் இரத்தக் குழாய்கள் இறுகியபடியே இருந்துவிடும். தாயின் வயிற்றில் அவை இறுகியிருந்தது சரி. முதல் மூச்சோடு தளர்ந்திருக்க வேண்டும். தளராவிட்டால் குழந்தை நீலம் பாரிக்கும். அவற்றுக்கு மூச்சுக்காற்றிலே பத்து லட்சத்தில் 20 பங்கு என்ற அளவில் நைட்ரிக் ஆக்ஸைடைக் கலந்து கொடுக்கிறார்கள். அமெரிக்காவில் 1999இல் இதற்கு அனுமதி கிடைத்தது. நுரையீரலில் வேலையை முடித்த வாயுவை அங்கேயே இரத்தம் விழுங்கிவிடுகிறபடியால், மற்ற இடங்களில் அழுத்தம் குறைந்து ஆபத்து விளைவதில்லை. சில விநாடி ஆயுள் என்ற குறையே இங்கே ரஹ்மத்தாகிறது.

இனி, அந்த உட்படலத்தை நாமே எப்படித் துடைத்து எறிகிறோம் என்ற இடத்துக்கு வருவோம். ஃபர்ச்காட்டின் பாத்திரத்தில் அது விரலுராய்வினால் போயிற்று. நம்மிடத்தில் புகையினாலும், சர்க்கரையினாலும், கொழுப்பினாலும், உயர்ந்துபோன அழுத்தத்தினாலும் போகிறது. ஒரேயடியாக உரிந்துபோவதில்லை, இருந்துகொண்டே ஊமையாகிறது. 1986இல் பாஸ்டன் நகரத்து டாக்டர்கள், இருதயத்துக்குப் போகும் நாளங்களுக்குள் அஸிட்டைல்கோலினைச் சிறிது செலுத்திப் பார்த்தார்கள். நல்ல நாளங்கள் விரிந்தன. கொழுப்பு படிந்த நாளங்கள் சுருங்கின. முயலின் துண்டில் கண்ட அதே சங்கதி, உயிருள்ள மனிதரின் நெஞ்சுக்குள்! அண்டை ஊமையான வீட்டிலே, நல்ல சேதியே கெட்ட சேதியாகிவிடுகிறது.

அதற்குப் பிறகு வலியில்லாத ஒரு சோதனையும் வந்தது. கையை இரத்த அழுத்தம் பார்க்கும் பட்டையினால் ஐந்து நிமிஷம் இறுக்கிக் கட்டி, பிறகு அவிழ்த்துவிடுவார்கள். தேங்கிய இரத்தம் வேகமாகப் பாயும். அந்த உராய்வில் படலம் பேசி, நாளம் அகலும். எவ்வளவு அகலுகிறதென்று ஒலிக்கருவியால் அளப்பார்கள். செலர்மேஜர் என்ற டாக்டரும் அவர் கூட்டத்தாரும் 1993இல் இப்படி அளந்து வெளியிட்டதில், நோய் எதுவும் தெரியாத இளைஞர்களாக இருந்தும் சிகரெட் குடிப்பவர்களின் நாளங்கள் சரியாக அகலவில்லை. எவ்வளவு அதிகம் குடித்தார்களோ அவ்வளவு மோசம். விட்டுவிட்டவர்களுக்கு அந்தப் பேச்சுத்திறன் ஓரளவு திரும்பி வரக்கூடும் என்பதும் தெரியவந்தது.

சகோதரர்களே, இதற்கு அடுத்ததுதான் நம்மைத் தூங்கவிடாதது. 1996இல் அதே டாக்டர், தாம் ஒருபோதும் புகை குடிக்காதவர்களும், ஆனால் வீட்டிலோ வேலையிடத்திலோ தினம் ஒரு மணி நேரமாவது பிறர் விடும் புகையில் மூன்று வருஷமாவது இருந்தவர்களுமான 15 முதல் 30 வயதுக்குட்பட்டவர்களை அளந்து பார்த்தார். அவர்களுடைய நாளங்களும் குடிப்பவர்களின் நாளங்களைப் போலவே அகலும் சக்தி குன்றிக் கிடந்தன! ஊதினவன் ஒருவன், ஊமையானது பக்கத்தில் இருந்தவரின் படலம். அண்டைக்குத் தொந்தரவு கொடாதே என்று பயானில் கேட்கும்போது, குப்பையை அவர்கள் வாசலில் கொட்டாமலிருப்பது, ரேடியோவை உரக்க வைக்காமலிருப்பது இவைகளைத்தான் நாம் நினைத்துக்கொள்ளுகிறோம். ஒரே அறையில் தூங்குகிற பெண்சாதியும், மடியில் உட்காருகிற பேரப்பிள்ளையும் நமக்கு அண்டையிலும் அண்டையல்லவா? அவர்கள் நாளத்துக்குள்ளே இருக்கிற அண்டையையும் சேர்த்து நாம் ஊமையாக்குகிறோம்.

1995இலேயே மலேசிய தேசிய ஃபத்வா கவுன்சில் புகைபிடிப்பது ஹராம் என்று தீர்ப்பளித்தது. 2015இல் மின்சிகரெட்டையும் அப்படியே சொல்லிற்று. இருந்தும் ஜும்ஆ முடிந்து ஸலாம் கொடுத்த கையோடு, பள்ளிவாசல் கேட்டுக்கு வெளியே நின்று பற்றவைப்பவர்களை நாம் பார்க்காமலா இருக்கிறோம்? மக்ரூஹ்தானே என்று வாதாடுகிறவர்களோடு நாம் சட்டம் பேச வரவில்லை. அதற்கு உலமாக்கள் இருக்கிறார்கள். நாம் கேட்பது ஒன்றே ஒன்று. உமது நாளம் உமக்கு அமானிதம் என்பதையாவது ஒத்துக்கொள்ளுகிறீரா? உம் பிள்ளையின் நாளம் யாருடைய அமானிதம்? கடைக்காரர்களான நம் சகோதரர்கள், சிகரெட்டை நிறுத்தினால் வாடிக்கை போய்விடும், அதை வாங்க வருகிறவன்தான் மற்றதையும் வாங்குகிறான் என்று சொல்லுவார்கள். அந்தக் கணக்கை நாமும் நன்றாக அறிவோம். அறிந்தே சொல்லுகிறோம், சிகரெட் அலமாரி காலியானதால் மட்டும் மூடிப்போன கடையை நம் கடைத்தெருவில் இதுவரை நாம் கண்டதில்லை.

கடைக்காரர்களுக்கே இன்னொரு வார்த்தையும் உண்டு. சபையில் பேசச் சற்றுக் கூச்சமான விஷயமென்றாலும் உயிர் சம்பந்தப்பட்டிருப்பதால் மறைக்கலாகாது. ஆண்களுக்குச் சக்தி தரும் கோப்பி என்று பளபளப்பான பாக்கெட்டுகளைக் கொண்டுவந்து வைக்கிறார்கள். வேரும் மூலிகையும் மாத்திரமே என்று மேலே அச்சிட்டிருக்கும். இப்படிப்பட்ட சில சரக்குகளில் ஸில்டெனாஃபில் போன்ற இங்கிலீஷ் மருந்து இரகசியமாகக் கலந்திருந்ததைச் சிங்கப்பூர், மலேசிய சுகாதார அதிகாரிகள் பலமுறை பிடித்து எச்சரித்திருக்கிறார்கள். அந்த மருந்தும் இதே பாதையில்தான் வேலை செய்கிறது: படலம் சொன்ன சொல்லினால் தசைக்குள் உண்டான பொருளை அழியாமல் நிறுத்திவைக்கிறது. நாக்கடியில் நைட்ரோகிளிஸரின் வைக்கிறவர் அதையும் குடித்துவிட்டாரென்றால், தளர்ச்சிமேல் தளர்ச்சியாகி அழுத்தம் அடியோடு இறங்கி உயிருக்கே மோசமாகலாம். குடிக்கிற மனிதருக்கோ தாம் கோப்பி குடிப்பதாகத்தான் நினைப்பு. விற்பவருக்கும் அதுவே நினைப்பாக இருந்தால் அல்லாஹ்விடத்தில் என்ன ஜவாபு சொல்லுவது? யார் தயாரித்தது, எங்கே பதிவானது என்று கேளுங்கள். சரியான பதில் இல்லாத சரக்கைத் திருப்பி அனுப்புங்கள்.

ஊமையான அண்டையை மீண்டும் பேசவைக்க வழியில்லையா என்றால், உண்டு. இரத்தம் உராய்ந்து ஓடுவதே படலத்துக்குச் சேதி என்று சொன்னோம். ஆகவே ஓடவைக்க வேண்டும். 2000ஆம் வருஷத்தில் ஜெர்மனியின் லைப்ஸிக் நகரத்து டாக்டர்கள், இருதய நாளங்கள் கெட்டுப்போன நோயாளிகளை நான்கு வாரம் முறையாகத் தேகப்பயிற்சி செய்யவைத்தார்கள். முன்னே அஸிட்டைல்கோலினுக்கு வெகுவாகச் சுருங்கிய நாளங்கள், நான்கு வாரம் கழித்து அவ்வளவு சுருங்கவில்லை. நான்கு வாரந்தான்! ஸுப்ஹுத் தொழுகைக்குக் கூப்பிடு தூரத்திலுள்ள பள்ளிவாசலுக்கும் மோட்டார் சைக்கிளில் வருகிறோமே, அதை நடையாக்கிக்கொண்டால் நன்மை எழுதப்படுவது ஒருபுறமிருக்க, ஒவ்வொரு காலடிக்கும் தொடையிலும் நெஞ்சிலும் இந்த அண்டைகள் பேசிக்கொள்ளும். நெஞ்சு நோவுள்ளவர்கள் மட்டும் டாக்டரைக் கேட்டுக்கொண்டு தொடங்கட்டும். நோன்பு துறக்கும் வேளையில் குளிர்ந்த சர்பத்தும் இனிப்புப் பண்டங்களும் வயிறு முட்ட இறங்குவதைப் பற்றி நோன்பு மாதம் வரும்போது தனியாகப் பேசலாம். இப்போது பேசினால் யாரும் கேட்கமாட்டீர்கள்.

கடைசியாக, சட்டைப்பையில் நாக்கடி மாத்திரை வைத்திருக்கும் பெரியவர்களுக்குச் சில வார்த்தைகள். நெஞ்சு கனத்து, இடது கைக்கோ தாடைக்கோ வலி இழுத்தால், வாய்வுப் பிடிப்பென்று இஞ்சிக் கஷாயம் போட்டுக்கொண்டு நேரத்தைப் போக்காதீர்கள். முதலில் உட்காருங்கள், நின்றபடி வைத்தால் அழுத்தம் இறங்கித் தலை சுற்றும். மாத்திரையை விழுங்காமல் நாக்கின் அடியில் வையுங்கள். ஐந்து நிமிஷத்தில் வலி தணியாவிட்டால் மலேசியாவில் 999க்கும் சிங்கப்பூரில் 995க்கும் உடனே கூப்பிடச் சொல்லுங்கள். அந்த மாத்திரைகளைச் சின்னத் தகர டப்பாவிலும் காகிதப் பொட்டலத்திலும் மாற்றி வைத்திருப்பவர்களை நாம் கண்டிருக்கிறோம். மூடி திறந்த அத்தர் குப்பி எப்படியோ அப்படித்தான் அந்த மருந்தும். காற்றோடு போய்விடும், மாத்திரை மட்டும் உருவத்தில் அப்படியே இருக்கும். வந்த கண்ணாடிக் குப்பியிலேயே, மூடியை இறுக்கி, வெயிலும் அடுப்புச் சூடும் படாத இடத்தில் வையுங்கள். குப்பியைத் திறந்த தேதியை மேலே ஒட்டிய காகிதத்தில் எழுதி, மருந்துக்கடைக்காரர் சொன்ன காலம் கடந்ததும் புதிது வாங்குங்கள். அது எந்த அலமாரியில், எந்தத் தட்டில் இருக்கிறதென்று வீட்டாருக்கும், தனியே குடியிருப்பவர்கள் சுவருக்கு அப்பாலுள்ள அண்டை வீட்டாருக்கும் சொல்லி வையுங்கள். வஸ்ஸலாம்.